பின்புத்திக்காரர்

ஆற்றங்கரையில் ஒரு மடம் இருந்தது. பெரிய மடம் இல்லை. ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, பின்னால் கொஞ்சம் வாழை. மதியம் யார் வந்தாலும் அங்கே ஒரு வாய் சோறு உண்டு.

மடத்தை நடத்தியவருக்கு நாற்பத்தைந்து வயதுதான் இருக்கும். முன்பு எங்கோ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர் என்பார்கள். அவரிடம் யாரும் கேட்டதில்லை. சின்னவர், பெரியவர் எல்லாரும் அவரை அம்மா என்றே கூப்பிட்டார்கள்.

அம்மாவிடம் சீடராக வந்தவர்களில் கோமதிநாயகம் ஒருவர். வயது அறுபத்து மூன்று. பஸ் டிப்போவில் முப்பது வருஷம் டைம் கீப்பர் வேலை பார்த்தவர். ஒரு வண்டி இரண்டு நிமிஷம் பிந்திக் கிளம்பினால்கூட டிரைவரை விடமாட்டார். மனைவி தவறிய பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு மடத்துக்கு வந்துவிட்டார். தன்னைவிட மூத்தவர் என்பதால் அம்மா அவரை அண்ணாச்சி என்பார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம். சோற்றிலும் குழம்பிலும் உப்புப் போடமாட்டார்கள். விரதம் இருப்பவர்கள் வருவார்கள், உப்பு ஆகாத நோயாளிகள் வருவார்கள். அதனால் இலை போட்டதும் முதலில் இலையோரத்தில் ஒரு சிட்டிகை உப்பு வைப்பார்கள். வேண்டியவர்கள் கலந்துகொள்ளலாம். இன்னொரு வழக்கமும் உண்டு. பந்தியில் உட்கார்ந்துவிட்டால் யாரும் பேசக்கூடாது. எதையும் கேட்டு வாங்கக்கூடாது. இலையில் வந்ததைக் கடவுள் போட்டதாக நினைத்துச் சாப்பிட வேண்டும்.

இலை போடுவதும் உப்பு வைப்பதும் மூன்று வருஷமாகக் கோமதிநாயகத்தின் வேலை.

ஒருநாள் காலையில் அவர் வாழை இலை நறுக்கிக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாங்கி ஈரத்துணியால் துடைத்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"பின்புத்தின்னு ஒரு சொல் இருக்குல்லா. அதுக்கு என்ன அர்த்தம்?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். காரியம் கெட்டுப்போன பிறகு வர்ற யோசனை. எங்க அப்பா என்னை அப்படித்தான் கூப்பிடுவார். ஏ பின்புத்திக்காரா, இங்க வாலேன்னு. அர்த்தம் நல்லாத் தெரியும். அதனால என்ன பிரயோஜனம்னுதான் தெரியலை."

"ஊர்ல அந்தச் சொல்லைப் பொம்பளைங்க தலையிலதான் ஏத்தி வைப்பாங்க. நீங்க எடுத்து உங்க தலையில வச்சுக்கிட்டீங்க. எங்களுக்குச் சுமை குறைஞ்சது."

சமையல்கட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பிச்சம்மாள் சிரித்துவிட்டாள். கோமதிநாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"சில பேருக்குக் கடவுள் முதல்லயே புத்தியைக் கொடுத்துடுறார். சில பேருக்குக் கடைசி வரைக்கும் கொடுக்கிறதில்லை, அவங்களும் நிம்மதியாத்தான் இருக்காங்க. நேரம் போன பிறகு கொண்டுவந்து கையில கொடுக்கிறாரே, அது எதுக்கு? குத்திக்காட்டவா?"

"உங்களுக்கு எது பிந்தி வந்தது, அண்ணாச்சி?"

கோமதிநாயகம் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஒரு வார்த்தை. வா-ங்கிற வார்த்தை."

அம்மா துடைப்பதை நிறுத்தினார்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. ஆவுடைன்னு பேரு. இருபத்தாறு வருஷம் முந்தி ஒருநாள். எனக்கு அன்னைக்கு வார லீவு. வாசல்ல கண்ணாடியை மாட்டிச் சவரம் பண்ணிக்கிட்டிருந்தேன். கண்ணாடியிலதான் பார்த்தேன். ஆவுடையும் அவ மகளும் தெருவில வர்றாங்க. நான் திரும்பக்கூட இல்லை. சோப்பு நுரையோடவே, என்ன திடீர்னு, என்ன விஷயம்னு கேட்டேன்."

"வான்னு சொல்லலை."

"சொல்லலை. சும்மாதான் அண்ணா, இந்தப் பக்கம் வந்தேன்னு சொன்னா. ஒரு செம்பு தண்ணி வாங்கிக் குடிச்சா. பிள்ளைக்கும் கொடுத்தா. போயிட்டா."

"அப்புறம்?"

"முகத்தைக் கழுவித் துடைக்கும்போதுதான் தோணுச்சு. அந்தப் பிள்ளை கையில ஒரு பை. பை நிறையப் பள்ளிக்கூடப் புத்தகம். சும்மா இந்தப் பக்கம் வர்ற பிள்ளை எல்லாப் புத்தகத்தையுமா தூக்கிட்டு வரும்? புருஷன் வீட்டைவிட்டு வந்திருக்கா, அம்மா. என் வீட்டுல இருக்கலாம்னு வந்திருக்கா."

"தோணின உடனே என்ன செஞ்சீங்க?"

"மணியைப் பார்த்தேன். பதினொண்ணே கால் வண்டி போயிருக்கும்னு உட்கார்ந்துட்டேன்."

வாழைக்குள் ஒரு அணில் கத்திவிட்டு ஓடியது.

"மறுநாள் டிப்போவுக்குப் போறேன். அந்த வண்டி நாற்பது நிமிஷம் லேட். டயர் பஞ்சர். நாற்பது நிமிஷம் அவ பிள்ளையை வச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்திருக்கா. என் வீட்டுல இருந்து நடந்தா அஞ்சு நிமிஷம். அந்த டிரைவருக்கு மெமோ எழுதினதும் நான்தான்."

"பிறகு போய்ப் பார்க்கலையா?"

"ஒரு வாரம் போச்சு. இனிமே போனா என்ன நினைப்பாளோன்னு இருந்தேன். ஒரு மாசம் போச்சு. இனிமே எந்த முகத்தோட போறதுன்னு இருந்தேன். அவ தனியா ஒரு வீடு பார்த்து, தையல் மெஷின் மிதிச்சு, பிள்ளையைப் படிக்கவச்சுட்டா. நாலு வருஷம் முந்தி செத்தும் போயிட்டா."

"அதுக்காவது போனீங்களா?"

"போனேன். துக்க வீட்டுல யாரும் யாரையும் வாங்கன்னு சொல்றதில்லைல்லா? அது எனக்கு வசதியாப் போச்சு. ஓரமா உட்கார்ந்திருந்துட்டு, போயிட்டு வாறேன்னுகூடச் சொல்லாம வந்துட்டேன்."

அம்மா துடைத்த இலைகளை அடுக்கி, கட்டாகக் கட்டினார். நல்ல பதில் ஒன்று வரும் என்று கோமதிநாயகம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்புக் கிண்ணம் நிரப்பியாச்சா, அண்ணாச்சி?"

"இனிமேதான் அம்மா."

"நிரப்புங்க. பந்திக்கு நேரமாச்சு."

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து போய்விட்டார்.

மதியம் பன்னிரண்டரைக்குக் கூடத்தில் ஆட்கள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். கோமதிநாயகம் இலைக்கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். வாசலில் ஒரு பெண் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றாள். கையில் ஒரு மஞ்சள் பை. முப்பத்து நாலு வயது இருக்கும். நெற்றியும் புருவமும் அப்படியே ஆவுடைதான்.

காலையில்தான் அவளைப் பற்றிப் பேசியிருந்தார். இதோ வந்து நிற்கிறாள். தங்கச்சி மகள் செண்பகம்.

அவர் வாயில் வந்தது இதுதான்.

"நீயா? என்ன விஷயம்?"

செண்பகம் பையைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டாள்.

"சும்மாதான் மாமா. இந்தப் பக்கம் வந்தேன்."

இருவரும் நின்றார்கள். பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"வா தாயி. நல்ல நேரத்துக்கு வந்தே. உள்ள வந்து உட்காரு."

செண்பகம் உள்ளே போய்க் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லாரும் கண்ணை மூடிச் சாமி கும்பிட்டார்கள். கோமதிநாயகம் இலை போட்டுக்கொண்டே போனார். தூண் பக்கம் வந்தபோது நிமிராமல் போட்டுவிட்டு நகர்ந்தார். பிறகு பின்கட்டுக்குப் போய்க் கிணற்றடியில் நின்றுவிட்டார்.

பிச்சம்மாள் சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். கீரை வைத்தாள். கூடத்தில் பேச்சில்லை. எல்லாரும் சாப்பிட்டார்கள்.

கிணற்றடியில் நின்றவர் காலையில் கேட்ட கேள்வியைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஆவுடையிடம் என்ன விஷயம் என்று கேட்டதையே இன்றைக்கு அவள் மகளிடமும் கேட்டாயிற்று. இருபத்தாறு வருஷம் அழுததற்கு இதுதானா பலன்?

அப்போது பிச்சம்மாள் வெறும் வாளியோடு வந்தாள்.

"என்ன டைம் கீப்பர் அண்ணாச்சி, இன்னைக்கு ஊருக்கே விரதமா?"

"என்ன சொல்றே?"

"உப்புக் கிண்ணம் அடுப்படி மேடையில வச்சது வச்சபடி இருக்கு. ஒரு இலையில உப்பு இல்லை. பாவம், ஒருத்தரும் வாயைத் திறக்க முடியாம மாடு மாதிரி மென்னுக்கிட்டிருக்காங்க."

கோமதிநாயகம் ஓடினார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கூடத்து வாசலுக்கு வந்தார். முதல் வரிசையில் இலைகளை மடித்துவிட்டு எழுந்துகொண்டிருந்தார்கள். இரண்டாவது வரிசையும் மடித்தாயிற்று. ஒரு பெரியவர் அவரைக் கடந்து கை கழுவப் போகும்போது, பரவாயில்லை என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். அது அவருக்கு இன்னும் சுட்டது. கிண்ணத்தோடு அப்படியே திரும்பி அடுப்படிக்கு வந்துவிட்டார்.

அம்மா கை கழுவிவிட்டு அவர் பின்னாலேயே வந்து தண்ணீர் மொண்டார்.

"உப்பு வைக்க மறந்துட்டேன், அம்மா."

"ஆமா. நானும் உப்பில்லாமத்தான் சாப்பிட்டேன்."

"கொண்டுபோனேன். எல்லாரும் இலையை மடிச்சுட்டாங்க."

"எல்லாருமா?"

"ஆமா அம்மா."

"தூண் பக்கம் பார்த்தீங்களா?"

கோமதிநாயகம் கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நான் எழுந்து வரும்போது அங்க ஒரு இலை மடிக்காம இருந்தது. அந்தப் பொண்ணு பாதிச் சோத்துல கையை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. நீங்க கிண்ணத்தோட வாசலுக்கு வந்ததைப் பார்த்தா. திரும்பிப் போனதையும் பார்த்தா."

அவர் மறுபடி கூடத்துக்கு ஓடினார். தூண் பக்கம் ஆள் இல்லை. இலை மடித்துக் கிடந்தது. வாசலில் செருப்பும் இல்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு வெற்றிலை விழுந்து கிடந்தது. பச்சை வெற்றிலை, காம்போடு.

அதைக் கையில் எடுத்தபோதுதான் அவருக்கு உறைத்தது. சும்மா இந்தப் பக்கம் வருகிறவள் பையில் வெற்றிலை எதற்கு? விசேஷத்துக்குச் சொல்ல வந்திருக்கிறாள். பத்திரிகை வைக்க வந்திருக்கிறாள்.

அம்மா பின்னால் வந்து நின்றார்.

"அவ போயிட்டா, அம்மா."

"ம்."

கோமதிநாயகம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பழக்கம், என்ன செய்வது?

"ஒண்ணு இருபது. ஒண்ணே கால் வண்டி போயிருக்கும்."

"போயிருக்குமா, போயிடுச்சா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வண்டி நின்னாலும் இனிமே போய் என்னத்தைச் சொல்ல? வாசல்ல வந்து நின்னப்ப வான்னு சொல்லலை. இப்ப போறவளைப் பார்த்து வான்னா சொல்ல முடியும்?"

"போறவங்களைப் பார்த்து நாம வேற என்ன சொல்லுவோம், அண்ணாச்சி?"

கோமதிநாயகம் ஒரு நொடி அம்மாவைப் பார்த்தார். பிறகு செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி ஓடினார். கையில் உப்புக் கிண்ணம் இருந்தது அவருக்கே தெரியாது.

பாலத்து முக்கில் வண்டி நின்றுகொண்டிருந்தது. டிரைவர் டீக்கடையில் கடைசி மடக்கைக் குடித்துவிட்டு வந்து ஏறினார். வண்டி நகர ஆரம்பித்தது. கோமதிநாயகம் முன்னால் போய்க் கையை நீட்டினார்.

"ஏ நிப்பாட்டு! நிப்பாட்டுப்பா!"

டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"யாரு, டைம் கீப்பரா! அன்னைக்கு ரெண்டு நிமிஷத்துக்காக என்னை டிப்போ வாசல்லயே நாள் பூரா நிக்க வச்சீங்க. இன்னைக்கு நீங்களே வண்டியை மறிக்கிறீங்க. இதுக்கு யாரு மெமோ எழுதுறது?"

"எனக்கு எழுதுப்பா. எனக்கே எழுது. ஒரு நிமிஷம்."

ஓரமாக வந்து ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தார். நாலாவது ஜன்னலில் செண்பகம் உட்கார்ந்திருந்தாள். மடியில் மஞ்சள் பை. அவரைப் பார்த்ததும் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அவர் கையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தாள்.

வழியெல்லாம் எத்தனையோ சேர்த்து வைத்துக்கொண்டு ஓடிவந்தார். உங்க அம்மா வந்த அன்றைக்கு என்று ஆரம்பிக்க வேண்டும் என்றிருந்தார். மூச்சு வாங்கியது. ஒன்றும் வரவில்லை.

"போயிட்டு வா, தாயி" என்றார்.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு இருவரையும் பார்த்தார்.

"இதை எங்க அம்மாகிட்ட சொல்லியிருக்கலாம், மாமா."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு வண்டி வர எவ்வளவு நேரமாச்சு தெரியுமா? நான் எழுந்து எழுந்து போறேன். அம்மா விடலை. இருடி, மாமா வருவார்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. வண்டி வந்த பிறகும் ஏறாம நின்னாங்க."

"தெரியாது தாயி" என்றார். பிறகு, "தெரியும்" என்றார்.

அவள் பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்தாள். மஞ்சள் தடவியது. ஜன்னல் வழியாக நீட்டினாள். அவர் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"என் மகளுக்கு வர்ற வெள்ளிக்கிழமை காதுகுத்து. எனக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. பிள்ளையை எந்த மடியில உட்கார வைக்கப் போறேன்னு கேக்கிறாங்க. எங்க மாமா இருக்கார்னு சொல்லிட்டு வந்தேன். விசாரிச்சு விசாரிச்சு இந்த மடத்தைக் கண்டுபிடிக்க மூணு நாளாச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "முடிஞ்சா வாங்க."

கண்டக்டர் விசில் அடித்தார். வண்டி பாலத்தில் ஏறி, வளைவில் மறைந்தது. ரொம்ப நேரம் அவர் அங்கேயே நின்றார். டீக்கடைக்காரர்தான் கிண்ணத்தை எடுத்துக் கையில் கொடுத்தார்.

மடத்துக்குத் திரும்பி வந்தபோது கூடம் அப்படியே கிடந்தது. மடித்த இலைகளில் எறும்பு வர ஆரம்பித்திருந்தது. இலை எடுப்பதும் அன்றைக்கு அவர் முறைதான். பத்திரிகையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு வந்து குனிந்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே தூண் பக்கம் வந்தார். செண்பகத்தின் இலையைத் தூக்கினார். கனத்தது. பாதிக்குமேல் சோறு உள்ளேயே இருந்தது.

அதைக் கூடையில் போட அவருக்கு மனம் வரவில்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

அம்மா வந்தார்.

"பார்த்தீங்களா, அண்ணாச்சி?"

"பார்த்தேன். சொல்லிட்டேன், அம்மா. மக கேட்டுக்கிட்டா."

"நல்லது."

"ஆவுடை கேக்கலையே. அவ வண்டி வந்த பிறகும் ஏறாம நின்னாளாம். வெள்ளிக்கிழமை போவேன். பிள்ளையை மடியில வச்சுக்குவேன். அதெல்லாம் சரி. அவளுக்குச் சொல்ல வேண்டிய வா இன்னும் என் வாயிலேயே இருக்கே. அதை நான் என்ன செய்ய? யாருகிட்டச் சொல்ல?"

அம்மா அவர் கையிலிருந்த இலையைப் பார்த்தார். அதை வாங்கிக்கொள்ளவும் இல்லை, கீழே போடச் சொல்லவும் இல்லை. வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஆற்றுப் பக்கமிருந்து நடந்து வந்தவர்கள் நாலைந்து பேர், காலில் புழுதியோடு, படிக்கு வெளியே ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார்கள்.

"ரெண்டாம் பந்திக்கு ஆள் வந்து நிக்குது, அண்ணாச்சி. இன்னும் யாரும் அவங்களை வாங்கன்னு சொல்லலை."